காலையில் "டிக் டிக்" சத்தம்: ஹெட்டைக் கழற்ற முன் செய்ய வேண்டியவை

மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவரிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121, 1.5 லீற்றர் பெற்றோல், கைமாறி வாங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் போனட்டுக்குள் "டிக் டிக் டிக்" என்று தட்டுகிறது. அக்சிலேட்டரை மிதித்தால் தட்டும் வேகமும் கூடுகிறது. மண்முனைப் பாலம் தாண்டி ஆரையம்பதிக்கு வந்துசேரும்போது சத்தம் அநேகமாக அடங்கிவிடுகிறது. ஒரு கராஜில் "ஹெட்டைக் கழற்ற வேண்டும்", அதாவது வால்வுகள் உள்ள எஞ்சினின் மேல்பாகத்தையே கழற்ற வேண்டும், என்றார்களாம். இன்னொரு இடத்தில் "தடிப்பான ஒயில் ஊற்றினால் சரியாகிவிடும்" என்றார்களாம். யார் சொல்வதைக் கேட்பது என்கிறார்.

தம்பி, இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே முக்கியமான துப்பு இருக்கிறது. எஞ்சின் சூடேறினால் சத்தம் அடங்குகிறது என்கிறீர்கள். எஞ்சினில் டிக் சத்தம் வர ஏழெட்டுக் காரணங்கள் இருக்கின்றன. காதுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் கேட்கும். சத்தம் எப்போது வருகிறது, எந்த இடத்திலிருந்து வருகிறது, என்ன செய்தால் மாறுகிறது என்று தெரியும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். கழற்றிப் பார்த்துக் காரணம் தேடும் வேலைக்குக் கூலியும் கேஸ்கட் காசும் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

முதலில் ஒயில். வாகனத்தை மட்டமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே என்றால் வேறு எதையும் யோசிக்க முன் சரியான ஒயிலை ஊற்றி நிரப்புங்கள். மேல்பக்கம் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கும் வால்வுகளுக்கும் ஒயில் கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது; குறைந்தால் முதலில் சத்தம் போடுவதும் அங்கேதான். டாஷ்போர்டில் சிவப்பு ஒயில் லைட் எரியவில்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். அந்த லைட் ஒயிலின் அளவைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. அதுவும் அழுத்தம் மிக மோசமாக விழுந்த பிறகுதான் எரியும். உங்கள் எஞ்சின் 1என்இசட்-எஃப்இ. ஃபில்டரோடு மாற்றினால் 3.7 லீற்றர் ஒயில் பிடிக்கும். அதில் ஒரு லீற்றர் குறைந்தாலே கால்வாசிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம்.

ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று விநாடி மட்டும் தட்டி உடனே நின்றுவிடும் சத்தம் வேறு வகை. இரவு முழுக்க நின்ற எஞ்சினில் மேலே இருந்த ஒயில் வடிந்துவிடுகிறது. நல்ல ஃபில்டருக்குள் ஒயில் பின்னால் வடியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மலிவான ஃபில்டர்களில் அது சீக்கிரம் விறைத்துவிடும். நல்ல ஃபில்டர் ஒன்றைப் போட்டதுமே பல வாகனங்களில் இந்தச் சத்தம் போய்விடும். அதற்கும் போகாமல் "கரகர" என்று கேட்டால் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையோ, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி-ஐ கியரையோ பார்க்க வேண்டும். உங்கள் சத்தம் ஆரையம்பதிவரை கூடவே வருகிறது, ஆகவே இது அது அல்ல.

அடுத்து, சத்தம் உண்மையிலேயே எஞ்சினுக்குள் இருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். வாகனம் நிற்கும்போது சத்தம் இல்லாமல் ஓடும்போது மட்டும் வந்தால் டயர்ப் பட்டிக்குள் சிக்கிய கல்லாகக்கூட இருக்கும். படுவான்கரைக் கிரவல் ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு இது சாதாரணம். பெற்றோல் இன்ஜெக்டர்கள் இயல்பாகவே மெல்லிய, ஒழுங்கான டிக் சத்தம் போடும், அது குறையல்ல. பெற்றோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் சிறிய பர்ஜ் வால்வும் அப்படித்தான். விரலை அதன்மேல் வைத்தால் தட்டுவது தெரியும். பெல்ட்டில் சந்தேகம் இருந்தால் எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். சத்தம் போய்விட்டால் குறை எஞ்சினுக்கு வெளியே, பெல்ட் ஓடும் சக்கரம் (புலி) ஏதோ ஒன்றில் அல்லது ஓல்டர்னேட்டர் பேரிங்கில் இருக்கிறது. மார்கழி வெள்ளத்தில் தண்ணீருக்குள் ஓடிய வாகனங்களில் இந்த பேரிங்குகள்தான் முதலில் கெடும்.

இனித் தாளத்தைக் கவனியுங்கள். எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 சுற்றுச் சுற்றுகிறது என்று வைப்போம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு தரம் போலச் சுற்றும். கேம்ஷாஃப்ட் அதில் பாதி வேகம், ஆறு தரம் போல. ஒரு வால்வு தட்டினாலும், ஒரு சிலிண்டரின் பிளக் வழியாகவோ எக்ஸோஸ்ட் வழியாகவோ காற்றுக் கசிந்தாலும் இந்த ஆறு தர வேகத்தில்தான் கேட்கும். கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் தட்டுகிறது என்றால் பிஸ்டன் பக்கமோ, அதைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட் பக்கமோ பார்க்க வேண்டும். காதால் எண்ணுவது கஷ்டம். ஃபோனில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துப் போட்டுக் கேளுங்கள், எண்ணலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்று போதும். கூர் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்துங்கள். சத்தம் டொக்டரின் குழாயில் கேட்பதுபோல நேரே வரும். வால்வு கவரில் நாலு இடம், ஒவ்வொரு இன்ஜெக்டர், செயின் கவர், கீழே பிளொக், ஒயில் சம்ப் என்று ஒழுங்காக மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அதன் அருகில்தான் காரணம். கை நீளச் சட்டை, சால்வை, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கிட்ட வரக் கூடாது. ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடத் தொடங்கும்.

உங்கள் சத்தத்துக்கு என் முதல் சந்தேகம் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட், அதாவது ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி, கசிவது. ஹெட்டும் மெனிஃபோல்டும் சேரும் இடத்தில் கேஸ்கட் எரிந்திருக்கலாம், ஸ்டட் ஒன்று உடைந்திருக்கலாம், மெனிஃபோல்டிலேயே மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கலாம். குளிர்ந்திருக்கும்போது அந்த இடைவெளி வழியாகப் புகை வெளியே அடிக்கும். அதுதான் டிக் டிக் என்று கேட்கிறது. இரும்பு சூடேறி விரியும்போது இடைவெளி தானாக அடைபடும், சத்தமும் நிற்கும். டப்பட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள பாகம்) தட்டும் சத்தம் என்று நினைத்து ஹெட்டைக் கழற்றிய வாகனங்களில் இந்தக் கசிவுதான் காரணமாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன். புது ஹெட் கேஸ்கட் போட்டு மூடிய பிறகும் மறுநாள் காலையில் அதே டிக் டிக் கேட்டது.

நம்முடைய கரையோரத்தில் இந்தக் குறை வர இன்னும் வசதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று ஸ்டட்டையும் நட்டையும் தின்றுவிடுகிறது. வெள்ளக் காலத்தில் கொதிக்கும் எக்ஸோஸ்டோடு தண்ணீருக்குள் இறக்கினால் இரும்பு திடீரென்று குளிர்ந்து வெடிக்கவும் கூடும்.

சோதிக்கும் விதம் இது. இரவு முழுக்க நின்ற வாகனம், காலை, திறந்த வெளி. ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும். இன்னொருவர் தடித்த ஈரத் துணியை மடித்து சைலன்சர் வாயில் இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடிக்கட்டும். முழுவதாக அடைக்க வேண்டாம், புகை கொஞ்சம் திணறினால் போதும். அந்த நேரம் டிக் சத்தம் பலமானால், அல்லது "ஸ்ஸ்" என்று மாறினால், கசிவு இருக்கிறது. பிறகு எஞ்சினை அணைத்து டோர்ச் அடித்து மெனிஃபோல்ட் விளிம்பைப் பாருங்கள். கசியும் இடத்தில் கரி பிடித்து, கறுப்பு நாக்கு நீட்டியது போலத் தெரியும். உங்கள் எஞ்சினில் மெனிஃபோல்ட் பின்பக்கம், ஃபயர்வோல் ஓரமாக இருப்பதால் எட்டிப் பார்ப்பது சிரமம். ஒரு சிறு கண்ணாடித் துண்டோ ஃபோன் கமராவோ உதவும்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று வற்புறுத்தியே சொல்கிறேன். அந்தப் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிவு ஃபயர்வோல் பக்கம் என்றால் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வாயில் வழியாக அது உள்ளே வரலாம். சரிசெய்யும்வரை பின்சீற்றில் பிள்ளைகளை நித்திரையாக்கிக்கொண்டு ஏசியைப் போட்டு நீண்ட பயணம் போகாதீர்கள். கண்ணாடியைத் திறந்து ஓடுங்கள். பெற்றோல் செலவும் கூடும். ஒக்சிஜன் சென்சருக்கு முன்னால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டால், பெற்றோல் போதவில்லை என்று கம்பியூட்டர் தப்பாக நினைத்து மேலதிகமாகத் தெளிக்கும்.

திருத்துவது பெரிய வேலை அல்ல, பொறுமையான வேலை. முதல்நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். இறுகிய நட்டை ஆத்திரத்தில் முறுக்கினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே உடையும், பிறகு துளையிட்டு எடுக்க வேண்டிவரும். மெனிஃபோல்ட் முகத்தில் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்துங்கள். வளைந்த முகத்தில் போடும் புதுக் கேஸ்கட் சில மாதத்தில் மறுபடியும் எரியும். பூட்டும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையாக இறுக்கச் சொல்லுங்கள். கேஸ்கட் மட்டக்களப்பில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலுள்ள உதிரிப்பாகக் கடைகளிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம்.

மெனிஃபோல்ட் சுத்தமாக இருந்தால் அடுத்தது பிளக். சரியாக இறுகாத பிளக்கைச் சுற்றி அழுத்தம் கசிந்து "டிஸ் டிஸ்" என்று கேட்கும். கொயிலைக் கழற்றினால் பிளக் குழிக்குள்ளும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் கரியோ பழுப்பு நிறமோ தெரியும். பிளக்கைக் கழற்ற முன் குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக் விரலால் முழுவதாக அமர்ந்தபின் அரைச் சுற்று இறுக்கினால் சரி. கொரோலா 110 போன்ற பழைய, பிளக் வயர் உள்ள வாகனங்களில் மின்சாரம் வெளியே பாய்ந்தும் டிக் சத்தம் வரும். இருட்டில் போனட்டைத் திறந்து ஓடவிட்டால் வயரோரம் நீலப் பொறி தெரியும். உப்புக் காற்றில் வயரின் மேற்பூச்சு சீக்கிரம் வெடிப்பதால் நமது பக்கத்தில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. எஞ்சினை அணைத்து, ஒரு சிலிண்டரின் கொயில் சொக்கெட்டையும் இன்ஜெக்டர் சொக்கெட்டையும் கழற்றி, ஸ்டார்ட் செய்து சில விநாடி கேளுங்கள். இப்படி நாலையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கசிவோ பிஸ்டன் தட்டுவதோ என்றால் அந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் தெளிவாகக் குறையும். வால்வு இடைவெளியால் வரும் டப்பட் சத்தம் மாறாது, ஏனென்றால் பெற்றோல் எரிந்தாலும் எரியாவிட்டாலும் கேம் தட்டிக்கொண்டுதான் இருக்கும். செக் எஞ்சின் லைட் எரியும், பயப்படத் தேவையில்லை. பிஸ்டன் தேய்ந்து சிலிண்டர்ச் சுவரில் தட்டுவதும் சூட்டில் குறையும் சத்தம்தான். ஆனால் அது கீழே பிளொக்கில் கேட்கும், டிக் என்பதைவிடக் கனமாக இருக்கும். அப்படியிருந்து, சூடானதும் முற்றாக அடங்கி, ஒயிலும் எரியவில்லை என்றால் பல காலம் ஓடலாம்.

சரி, இனி டப்பட். உங்கள் எஞ்சினில், ஒயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ரோலிக் லிஃப்டர் இல்லை. கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு பக்கம் மூடிய சிறு இரும்புக் கிண்ணம் ஒன்றுதான் இருக்கிறது. ஸ்க்ரூவை முறுக்கிச் சரிசெய்யவும் முடியாது. "டப்பட் எஜஸ்ட் பண்ணித் தருகிறேன்" என்று யாராவது அரை மணி நேரக் கணக்குச் சொன்னால் இந்த எஞ்சினைத் தெரியாதவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல ஹொண்டாக்களில் அது ஸ்க்ரூ நட்டால் முடியும், இதில் முடியாது.

இதில் செய்ய வேண்டியது அளப்பது. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். வால்வு கவரைக் கழற்றி, கிராங்க் புலியைக் கையால் திருப்பி, கேமின் மூக்கு மேலே பார்க்கும் வால்வுகளில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து அளக்க வேண்டும். இன்டேக் வால்வுக்கு 0.15 முதல் 0.25 மி.மீ., எக்ஸோஸ்ட் வால்வுக்கு 0.25 முதல் 0.35 மி.மீ. இருக்க வேண்டும். தகடு இலேசான இழுவையோடு போய்வர வேண்டும். தள்ளி நுழைக்கக் கூடாது. உதாரணமாக ஒரு இன்டேக் வால்வில் 0.31 இருக்கிறது, அதில் உள்ள கிண்ணத்தின் தடிப்பு 5.24 மி.மீ. என்று வைப்போம். நமக்கு வேண்டியது 0.20. கூடுதலாக இருப்பது 0.11. ஆக 5.35 தடிப்புள்ள கிண்ணம் தேவை. கிண்ணங்கள் 5.06 முதல் 5.74 வரை 0.02 இடைவெளியில் வருவதால் 5.34 அல்லது 5.36 போடலாம். கிண்ணத்தை எடுக்க கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், அதற்கு டைமிங் செயினையும் தளர்த்த வேண்டும். ஆகவே அளவு தெரியாமல் இதைத் தொடங்கக் கூடாது. ஆனால் ஹெட்டைக் கழற்றவே தேவையில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இடைவெளி கூடினால்தான் தட்டும். இடைவெளி குறைந்தால் எஞ்சின் அமைதியாக ஓடும், ஆனால் ஆபத்து அங்கேதான் அதிகம். வால்வு முழுவதாக மூடாமல், சூடு ஹெட்டுக்கு இறங்க வழியில்லாமல், எக்ஸோஸ்ட் வால்வின் ஓரம் எரிந்துபோகும். சத்தத்தைக் குறைப்பதற்காக அளவுக்கு மேல் இறுக்கமாக வைத்துத் தரும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைவிடச் சிறிது தட்டுகிற எஞ்சினே மேல்.

ஹைட்ரோலிக் லிஃப்டர் உள்ள வாகனக்காரருக்கும் ஒரு வார்த்தை. மிட்சுபிஷியின் பல பெற்றோல் எஞ்சின்களிலும், டொயோட்டாவின் 2இசட்ஆர் வகையிலும் இது இருக்கிறது. அவற்றில் இடைவெளி அளக்கும் வேலை இல்லை. லிஃப்டருக்குள் காற்றோ அழுக்கோ சேர்ந்தால் தட்டும். சரியான தரத்தில் நல்ல ஒயில் மாற்றி, நன்றாகச் சூடாக்கி ஓடினால் பல சமயம் தானாகச் சரியாகும். ஒயில் மாற்றியும் ஓரிரு வாரமாகத் தட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

தடிப்பான ஒயில் யோசனைக்கு வருகிறேன். 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் கொஞ்சம் மந்தமாகும், உண்மை. குறை அப்படியே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே ஒயில் போய்ச் சேர இன்னும் தாமதமாகும். விவிடி-ஐயின் நுண்ணிய வழிகளுக்கும் அது ஒத்துவராது. விற்கிறவர்கள் சத்தத்தை மறைக்கச் செய்யும் வேலை அது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. இந்த வேலையும் கூடிவிட்டது. வாகனம் பார்க்கப் போகிறவர்கள் முந்தின நாளே "ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் போனட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி எஞ்சினைக் "கழுவும்" வேலைக்கும் சம்மதிக்காதீர்கள். உள்ளே படிந்த தார் போன்ற ஒயில் அழுக்கு இளகி வந்து சம்புக்குள் இருக்கும் ஒயில் வடியை அடைத்தால், டிக் சத்தத்தோடு வந்த வாகனம் பேரிங் போய்த் திரும்பும்.

ஒரு சத்தத்துக்கு மட்டும் ஒரு கிலோமீற்றர்கூட ஓடக் கூடாது. சூடான பிறகு கூடுகிற, கீழிருந்து "டொக் டொக்" என்று கனமாக வருகிற, அக்சிலேட்டரை விடும்போது இன்னும் தெளிவாகிற சத்தம் கொன்ரொட் பேரிங்கினுடையது. அணைத்துவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டும், மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு ஏறும்போது போல, கிலுகிலு என்று கேட்பது வேறு. அது பெற்றோல் நேரத்துக்கு முன் வெடிப்பது. 95 ஒக்டேன் பெற்றோல் அடித்துப் பாருங்கள்; சத்தம் குறைந்தால் உள்ளே கரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீங்கள் நாளைக் காலையில் செய்ய வேண்டியது டிப் ஸ்டிக்கும் ஈரத் துணியும் மட்டும்தான். துணியில் சத்தம் மாறினால் மெனிஃபோல்ட். மாறாவிட்டால் பிளக்குகளைப் பாருங்கள், பிறகு சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திக் கேளுங்கள். அதற்கும் மாறாமல் மேலே வால்வு கவரிலேயே தட்டினால், வாகனத்தை இரவே கராஜில் விட்டு, காலையில் குளிர்ந்தபடியே அளக்கச் சொல்லுங்கள். பதினாறு வால்வின் அளவையும் சிலிண்டர் வாரியாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தராமல் "எல்லாம் லூஸ்" என்று மட்டும் சொன்னால், கிண்ணத்துக்குக் காசு கொடுக்காமல் கவரைப் பூட்டச் சொல்லி வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.